விரற்கடை

முதலில் கிளாஸைக் குளிரவிடு.
பனிக்கட்டியைக் கழுத்துவரை அடுக்கி
நீளக் கரண்டியால் சுற்று.
அடியில் கசிந்த தண்ணீரைக் கொட்டிவிடு.
இதைச் செய்யாதவர்கள் அநேகம்.
அவர்கள் வீட்டுக்கு ஹைபால் குடிக்க அழைத்தால்
வேலை இருக்கிறது என்று சொல்லிவிடு.

பிறகு விஸ்கி. ஒரு விரற்கடை.
யாருடைய விரல் என்று கேட்கிறாயா,
அதற்குத்தான் வருகிறேன்.

மோஜி துறைமுகத்தில்
மீன் வண்டிகள் திரும்பும் முடுக்கில்
எட்டுப் பேர் நின்றால் நிரம்பிவிடும் தோமொயேயின் கடை.
நாற்காலி கிடையாது.
வாசலுக்கு எதிரே ஜலசந்தி.
நாளைக்கு நான்கு முறை மனம் மாறும்;
கிழக்கே ஓடிய நீர்
ஒன்றும் நடக்காததுபோல் மேற்கே ஓடும்.
அதில் அயல்நாட்டுக் கப்பல்களைக்
கைபிடித்துக் கூட்டிப்போகிற பைலட் ஷிரோவுஸு.
அந்தப் பெயருக்கே வெள்ளைத் தண்ணீர் என்று பொருள்.
நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வார்.

பணி முடிந்து ஆறேகாலுக்கு வருவார்.
மழைக்கோட்டைக் கழற்றமாட்டார்.
கவுண்டரில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைப்பார்,
அதுதான் ஆர்டர்.
அடர்த்தியாக வேண்டுமானால் இரண்டு விரல்.
மற்றவர்கள் கோய்மே என்று கேட்பார்கள்.
அவருக்கு அந்த மூன்று எழுத்தும் வீண்செலவு.

மார்ச்சில் ஒருநாள்
மருந்துப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.
படிக்கக் கூடாது என்றுதான் எடுத்துவைத்தாள் தோமொயே.
சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து விரல் மெலியத் தொடங்கியது.
ஏப்ரலில் பென்சில் தடிமன்.
மழைக்காலத்தில் தீக்குச்சி.
ஒபோன் விடுமுறை முடிந்து அவர் வந்தபோது
பனிக்கட்டிக்கு விஸ்கியைப் பொட்டாக வைத்துவிட்டாள்.
எலுமிச்சைத் தோலை மட்டும்
கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்குவாள்,
மூக்கை ஏமாற்ற.
காசு முழுதாகத்தான் வாங்குவாள்,
குறைத்தால் தெரிந்துவிடுமே.
மிச்சம், அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில்.

இனி சோடா.
பனிக்கட்டியின் தலையில் ஊற்றாதே.
சுவரோரமாக இறக்கு,
தூங்குகிற நாயைத் தாண்டிப் போவதுபோல.
குமிழியை நிலையாமைக்கு உவமை சொன்னவர்கள் யாரும்
அதைக் காசு கொடுத்து வாங்கியதில்லை.
கலக்காதே.
கரண்டியை அடிவரை இறக்கி
ஒரே ஒரு முறை பனிக்கட்டியைத் தூக்கி விடு.

தமிழில் இரண்டுக்கும் தண்ணி என்று ஒரே பெயர்.
அந்தச் சௌகரியம் தோமொயேவுக்கு இல்லை.
கடல் வேறு, சோடா வேறு, சாராயம் வேறு.
ஆறு மாதமாக அவள் ஊற்றிக்கொண்டிருந்ததற்கு
அவள் பாஷையில் பெயரே இல்லை.

அக்டோபரில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனாள்.
கொழுந்தன் யசுமிச்சி கடையைப் பார்த்துக்கொண்டான்.
கொகுராவில் டிக்கெட் பரிசோதகன்,
ஒரு யென் பிசகமாட்டான்.
பைலட் விரலை வைத்தார்.
இவன் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி,
அளவுக்கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி
நாலு பங்கு சோடா சேர்த்துக் கொடுத்தான்.
ஒரு மிடறு.
இருமல், ஜன்னல் அதிர.
பாதி கிளாஸும் எழுநூறு யென்னும்
கவுண்டரில் கிடந்தன.

மறுநாள் ஆறேகால்.
தாடை வீங்கி நின்றவளிடம்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"பையனைக் குற்றம் சொல்லவில்லை.
ஆனால் நேற்று
சோடாவில் எதையோ கலந்துவிட்டான்."

சிரிக்க முடியவில்லை, வாயில் பஞ்சு.
கிளாஸைக் குளிரவைத்தாள்.
கசிந்த தண்ணீரைக் கொட்டத் திரும்பியபோது
அவர் கண்ணைப் பார்த்தாள்.
ஆழம் பார்க்கிற கண்.
அது கிளாஸில் இல்லை,
அவள் தலைக்கு மேலே,
பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

கவுண்டரில் விரலைப் படுக்கவைத்தார்.
சுண்டுவிரல்.

"எலுமிச்சை வேண்டாம்" என்றார்.